சீனச் செய்திக்கு ஆறு கடைகள்: எந்தக் கடைக்கு யார் முதலாளி?

2025 அக்டோபர் 31-ஆம் தேதியோடு, அமெரிக்க அரசுப் பணத்தில் ஓடிய ரேடியோ ஃப்ரீ ஏஷியா செய்தி தயாரிப்பதை நிறுத்தியது. 1996-இல் மாண்டரின் (சீனப் பொதுமொழி) ஒலிபரப்பில் தொடங்கிய நிலையம், 29 ஆண்டுகளில் முதல் முறையாக வாய் மூடியது. அந்த வாரம் முதல் எனக்கு வந்த கேள்விகள் எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான்.

சென்னையில் எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வில் ஐந்தாம் நிலை முடித்த மாணவி கேட்டார்: "தினமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இனி எதைக் கேட்பது?" சீனாவின் ஈவூ மொத்தச் சந்தைக்கு ஆண்டில் நாலு தடவை சரக்கெடுக்கப் போகும் திருப்பூர்க்காரர் இன்னும் சுருக்கம்: "ஒரே ஒரு பேர் சொல்லுங்க சார், அதுக்கு மட்டும் சந்தா கட்டிடறேன்." சிங்கப்பூரில் சீனப் பெண்ணைக் கட்டியிருக்கும் நண்பருக்கு வேறு தலைவலி. ஃபூஜியானில் இருக்கும் மாமியார் வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியில் அனுப்புகிற சீனாவும், மனைவியின் சித்தப்பா யூடியூபில் பார்க்கிற சீனாவும் ஒரே நாடுதானா என்றே அவருக்குச் சந்தேகம்.

நம் பத்திரிகைகளைப் படித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2023-இல் இந்தியாவும் சீனாவும் மாற்றி மாற்றி நிருபர்களின் விசாவை மறுத்துக்கொண்டதில், பெய்ஜிங்கில் கடைசியாக மிஞ்சியிருந்த பி.டி.ஐ. நிருபரும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. தமிழில் நாம் படிக்கும் சீனச் செய்தி பெரும்பாலும் மூன்றாம் கை மாறி வந்த சரக்கு. சீன மொழி தெரிந்தவர்கள், அல்லது மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துச் சமாளிப்பவர்கள், நேராகக் கடைக்கே போவது நல்லதுதான். எந்தக் கடை என்பதில்தான் சிக்கல்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

1. சோறு போடுவது யார்? அவர் கை மடக்கினால் என்ன ஆகும்?
2. சீனாவுக்குள் அதற்கு ஆள் உண்டா? குறைந்தபட்சம், போன் போட்டால் எடுக்கிறவர்களாவது?
3. தப்பு செய்தால் ஒப்புக்கொள்கிறதா, சத்தமில்லாமல் அழித்துவிடுகிறதா?
4. நாளைக்கும் இருக்குமா? போன வருடம் எழுதியதை அடுத்த வருடம் தேடினால் கிடைக்குமா?
5. படிக்கிறவருக்கு என்ன செலவு? பணம், நேரம், மொழிச் சிரமம். இவற்றோடு, சீனாவில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கு வரக்கூடிய தொந்தரவு.

"நடுநிலை" இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே இல்லை. நடுநிலை தேடிப் போகிறவர்கள் இரண்டு தரப்பு அறிக்கையையும் சம அளவில் வெட்டி ஒட்டும் கடையில்தான் போய் நிற்கிறார்கள். ஒரு கட்டடம் பற்றியெரியும்போது கதவு பூட்டியிருந்ததா இல்லையா என்பதற்குத் தரப்பு கிடையாது. யாராவது போய்ப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் முதல் கேள்விக்கே நான் அதிக எடை கொடுக்கிறேன். ஒரு கடை எந்தத் திசையில் பார்க்காது என்பதை, அதன் கல்லாப் பெட்டி எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்தே பாதி சொல்லிவிடலாம்.

## 1. வெளிநாட்டு அரசுப் பணத்தில் ஓடும் நிலையங்கள்

வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, ரேடியோ ஃப்ரீ ஏஷியா, பிபிசி, ஜெர்மனியின் டாய்ச்ச வெல்லே, பிரான்சின் ஆர்.எஃப்.ஐ. இந்த வகையில் இவையே பெரியவை. பிபிசியின் சீன ஒலிபரப்பு நம் தமிழோசையைப் போலவே 1941-இல் பிறந்தது. கலாச்சாரப் புரட்சி நாட்களில் இவற்றைக் கேட்பதற்குச் சீனாவில் ஒரு பெயர் இருந்தது: "எதிரி நிலையத்தைத் திருட்டுத்தனமாகக் கேட்டல்". அதற்காகச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. 1989-இல் பெய்ஜிங்கின் தியனன்மென் சதுக்கத்து மாணவர் போராட்டத்தில் நடப்பதை உள்ளூர் மக்களே பலர் சிற்றலைப் பெட்டியில்தான் தெரிந்துகொண்டார்கள்.

சிற்றலை நேயர்களுக்கு இன்னொரு நினைவும் இருக்கும். 2000-களின் நடுவில் ஓர் அலைவரிசையில் மேளமும் ஜால்ராவும் குழலுமாகச் சீன இசை ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடும். அறிவிப்பாளர் வரவே மாட்டார். நல்ல இசை நிகழ்ச்சி என்று நினைத்து இரண்டு வாரம் விடாமல் கேட்டேன். நிலையத்தின் பெயர் தெரிந்தால் நேயர் கடிதம் போடலாம் என்றுகூட எண்ணம். மூத்த நேயர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது அந்நிய ஒலிபரப்பை அமுக்குவதற்காக அதே அலைவரிசையில் சீன அரசு ஏற்றிவிடும் இசை. வானொலி ஆர்வலர்கள் அதற்கு வைத்த பெயர் ஃபயர்டிரேக், நெருப்பு டிராகன்.

இந்த நிலையங்களின் உண்மையான பலம் போன் போடும் நிருபர்கள். ரேடியோ ஃப்ரீ ஏஷியாவின் உய்குர் (மேற்குச் சீனாவின் சின்ஜியாங்கில் வாழும் முஸ்லிம் சிறுபான்மையினர்) பிரிவில் ஷோரத் ஹோஷுர் என்ற செய்தியாளர் வாஷிங்டனில் உட்கார்ந்துகொண்டு சின்ஜியாங்கின் காவல் நிலையங்களுக்கும் கிராம அலுவலகங்களுக்கும் நேரடியாகப் போன் போடுவார். எதிர்முனையில் இருப்பவர் மேலதிகாரி கேட்கிறார் என்று நினைத்தோ, பழக்க தோஷத்திலோ, கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுவார். எத்தனை பேரைப் பிடித்தீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று. சின்ஜியாங் தடுப்பு முகாம்களைப் பற்றி 2017-இல் வெளியுலகம் முதலில் அறிந்ததில் இந்தப் பிரிவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கான விலையும் பெரிது. ஹோஷுரின் சகோதரர்கள் சிறைப்பட்டார்கள். அதே பிரிவின் குல்செஹ்ரா ஹோஜாவின் உறவினர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் 2018-இல் பிடித்துச் செல்லப்பட்டார்கள். இந்த வேலையைச் செய்ய ஆளும் பணமும் மொழியும் ஒருசேர வேறெந்தக் கடையிலும் இருந்ததில்லை.

இப்போது மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். முதலாவது, சோறு போடும் கை. 2025 மார்ச்சில் டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். மறுநாளே வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் 1,300 பேர் கட்டாய விடுப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ரேடியோ ஃப்ரீ ஏஷியாவுக்கான மானியம் வெட்டப்பட்டது. நீதிமன்றத் தடைகள், மேல்முறையீடுகள், ஆட்குறைப்பு, கடைசியில் அக்டோபர் 31. பல ஆண்டுகளாகச் சீன அரசு இசையாலும், வெளிநாட்டுத் தளங்களைத் தடுக்கும் இணையச் சுவராலும் செய்யப் பார்த்ததை, வாஷிங்டன் ஒரு காகிதத்தில் முடித்துவிட்டது. இனி அது எந்த வடிவில் எழுந்து நின்றாலும், ஒரு வாரத்தில் நிற்கக்கூடியது என்பதைக் கணக்கில் வைத்துத்தான் ஆகவேண்டும். பிபிசியும் விதிவிலக்கல்ல. செலவுக் குறைப்பில் மாண்டரின் வானொலியை 2011 மார்ச்சிலேயே மூடிவிட்டு இணையத்துக்கு நகர்ந்தது. அந்த இணையதளமோ சீனாவுக்குள் திறக்காது.

இரண்டாவது, உள்வீட்டு இழுபறி. 2017 ஏப்ரலில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா மாண்டரின் பிரிவு, தப்பியோடி வந்த கோடீஸ்வரர் குவோ வெங்குயியுடன் மூன்று மணி நேர நேரலை அறிவித்தது. பாதி தூரம்கூடப் போகவில்லை, நேரலை துண்டிக்கப்பட்டது. பெய்ஜிங்கின் அழுத்தம் என்றார்கள் சில ஊழியர்கள். முன்பே ஒப்புக்கொண்ட நேரத்தைத் தாண்டக்கூடாது என்ற செய்தித்துறை முடிவு என்றது நிர்வாகம். ஊழியர்கள் இடைநீக்கம் ஆனார்கள். டாய்ச்ச வெல்லேவின் கதை இன்னும் ருசியானது. 2008-இல் சீனப் பிரிவின் துணைத் தலைவர் ஒருவர் சீன அரசுக்குச் சாதகமாகப் பேசினார் என்ற புகாரில் பதவி இழந்தார். 2014-இல் அதே பிரிவில் இன்னொருவர், தியனன்மென் பற்றிய பத்தி ஒன்று மென்மையாக இருந்ததை வெளிப்படையாக விமர்சித்தார். நிலையத்தின் உள்விவகாரத்தை வெளியே சொன்னார் என்று வேலையை இழந்தார்.

மூன்றாவது, பார்வையின் எல்லை. கைது, முகாம், தணிக்கை ஆகியவை இங்கே நிறையக் கிடைக்கும். வீட்டு விலை, பள்ளிச் சேர்க்கை, உணவு டெலிவரிப் பையனின் நாள் கூலி போன்றவை அருகித்தான் வரும். திருப்பூர்க்காரருக்கு இங்கே வேலை இல்லை.

மாணவிக்கு உண்டு. அறிவிப்பாளர்களின் உச்சரிப்பு சுத்தம், வேகம் அளவானது, எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். திபெத், சின்ஜியாங், மனித உரிமை வழக்கறிஞர்கள் பற்றி ஆய்வு செய்பவர்களுக்கு இந்தக் கடையின் பழைய கணக்குப் புத்தகமே போதும். ஆனால் வேண்டியதை இப்போதே இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.

## 2. சந்தாவில் வாழும் தனி ஊடகங்கள்

இனிஷியம் மீடியா 2015 ஆகஸ்டில் ஹாங்காங்கில் தொடங்கியது. முதலீட்டாளர் பணம் 2017-இல் வற்றியது, பெரும் ஆட்குறைப்பு வந்தது, பிறகு சந்தா முறை. 2021 ஆகஸ்டில் தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றிக்கொண்டது. ஏன் என்று கேட்கவேண்டியதில்லை. அதற்கு ஒன்றரை மாதம் முன்னால், ஜூன் 24 அன்று, ஹாங்காங்கின் ஜனநாயக ஆதரவு நாளேடு ஆப்பிள் டெய்லி, அரசு நெருக்குதலில், பத்து லட்சம் பிரதிகளோடு தன் கடைசி இதழை அச்சிட்டது. அந்த டிசம்பரில் ஸ்டேண்ட் நியூஸ் என்ற இணைய இதழும் மூடியது.

இதே வரிசையில் தைவானின் "தி ரிப்போர்ட்டர்" நன்கொடையில் நடக்கிறது. அதன் கண் முதலில் தைவான் மேல், சீனா இரண்டாவதுதான். நியூயார்க் டைம்ஸ் பத்தியாளர் லி யுவான் 2022-இல் தொடங்கிய "புமிங்பாய்" வலையொலியையும் இங்கே சேர்க்கலாம். "புரியவில்லை" என்பதே பெயரின் பொருள். கோவிட் முடக்கத்தில் மாட்டியவர்கள், நாட்டைவிட்டுக் கிளம்பியவர்கள், ஆய்வாளர்கள் எல்லாம் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவார்கள். மாண்டரின் கேட்டுப் பழக இதைவிட நல்ல பாடநூல் எனக்குக் கிடைத்ததில்லை.

பணம் வாசகருடையது என்பதால் கூச்சல் குறைவு. தப்பைத் திருத்துவதில் இந்த வகைக்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். திருத்தாவிட்டால் சந்தா புதுப்பிக்க மாட்டார்களே. ஆனால் வாசகருக்கும் ஒரு சாய்வு உண்டு. சந்தா கட்டுபவர்கள் படித்த, ஊர்விட்டு வந்த, மனம் நொந்த சீனர்கள். கட்டுரைகளின் குரலும் மெல்ல மெல்ல அவர்களுடையதாகிவிடுகிறது. ஹெனான் மாகாணத்து விவசாயி அதில் பாத்திரமாக வருவார், வாசகராக வருவதில்லை. சீனாவுக்குள்ளிருந்து எழுதுபவர்கள் புனைபெயரில் எழுதுகிறார்கள், ஆகவே எழுதியவர் யார் என்று எடைபோட வழியில்லை, பதிப்பாசிரியரை நம்பவேண்டியதுதான். கட்டுரைகள் நீளம். எச்.எஸ்.கே. ஐந்து தாங்காது.

உடனடிச் செய்தி இங்கே தேடாதீர்கள். ஒரு நிகழ்வு நடந்து இரண்டு வாரம் கழித்து, "அப்போது உண்மையில் என்னதான் நடந்தது?" என்று கேட்கத் தோன்றும்போது இங்கே வாருங்கள்.

## 3. சொந்தப் பகை உள்ள ஊடகங்கள்

1999 ஜூலையில் ஃபாலுன் காங் என்ற தியான, ஆன்மிக இயக்கத்தைச் சீன அரசு நசுக்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த இயக்கத்தார் அமெரிக்காவில் மூன்று கடை விரித்தார்கள்: 2000-இல் எபோக் டைம்ஸ் பத்திரிகை, அடுத்து என்.டி.டி. தொலைக்காட்சி, பிறகு சவுண்ட் ஆஃப் ஹோப் வானொலி. உலகின் பல நகரங்களில் சீனக் கடைத்தெருக்களில் இலவசமாகக் கிடைப்பவை இவையே. நண்பரின் மனைவியின் சித்தப்பா யூடியூபில் பார்ப்பதும் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

இவர்கள் பட்ட அடி உண்மை. உள்ளே சிறைப்பட்டவர்களின் குடும்பத் தொடர்புகளும் உண்மை. பிற ஊடகங்கள் தொடத் தயங்கியவற்றை இருபது ஆண்டுக்கு முன்பே எழுதியவர்கள் என்பதையும் மறுக்க முடியாது. சிக்கல் என்னவென்றால், "கட்சி இதோ விழப்போகிறது" என்பது இங்கே செய்தி அல்ல, பிரார்த்தனை. பிரார்த்தனைக்குத் திருத்தம் போடுவார் இல்லை.

2022 செப்டம்பர் கடைசியில் நடந்தது நினைவிருக்கும். ஷி ஜின்பிங் வீட்டுக்காவலில் இருக்கிறார், ராணுவப் புரட்சி நடந்துவிட்டது என்று ஒரு வதந்தி. ஃபாலுன் காங் சார்ந்த பதிவர்களும் புலம்பெயர்ந்த யூடியூப்காரர்களும் அதைத் தள்ளிவிட, ராணுவ வண்டிகள் வரிசையாகப் போகும் ஒரு காணொளி ஆதாரமாகச் சுற்றியது. அதை உலகத்திலேயே அதிகம் தூக்கிச் சுமந்தவர்கள் நம் ஆட்கள். சுப்பிரமணியன் சுவாமி ட்விட்டரில் சரிபார்க்கவேண்டிய புதிய வதந்தி என்று எடுத்துப்போட்டார்; தொலைக்காட்சிகள் சரிபார்க்கிற பாதியை விட்டுவிட்டு வதந்தியை மட்டும் ஓட்டின. ஷி அப்போதுதான் சமர்கண்ட் மாநாட்டிலிருந்து திரும்பியிருந்தார், வெளிநாடு போய் வருபவர்கள் தனிமையில் இருக்கவேண்டிய கோவிட் காலம். செப்டம்பர் 27 அன்று பெய்ஜிங்கில் ஒரு கண்காட்சிக்கு வந்து நின்றார். வதந்தியைப் பரப்பியவர்களில் எத்தனை பேர் "தவறாகச் சொல்லிவிட்டோம்" என்றார்கள் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பணக் கணக்கும் சுத்தமில்லை. ஃபேஸ்புக் 2019-இல் எபோக் டைம்ஸின் விளம்பரங்களைத் தடைசெய்தது. 2024 ஜூனில் அதன் நிதித்துறைத் தலைவர் மீது குறைந்தது 6.7 கோடி டாலர் சட்டவிரோதப் பணத்தை வெளுத்ததாக அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. அவர் குற்றத்தை மறுத்தார். மேலே சொன்ன குவோ வெங்குயி தனி ராஜ்ஜியமாக ஊடக நிறுவனங்கள் நடத்தி, ஆதரவாளர்களிடமே முதலீடு என்று பணம் வாங்கினார். 2024 ஜூலையில் நியூயார்க் நடுவர் குழு அவரை மோசடிக் குற்றவாளி என்றது. ஏமாந்தவர்கள் பெரும்பாலும் கட்சியை வெறுத்து வெளியேறிய சாதாரணச் சீனர்கள். இந்தக் கடையின் மறைந்திருக்கும் செலவை அவர்கள்தான் கட்டினார்கள்.

ஃபாலுன் காங் மீதான அடக்குமுறை பற்றிய முதல்நிலைத் தகவல், சாட்சிகளின் பேட்டி ஆகியவற்றுக்கு இங்கே வரலாம். பெய்ஜிங்கின் அரண்மனை ரகசியத்துக்கு வராதீர்கள்.

## 4. ஒற்றை மனிதர்கள்

2022 நவம்பர் 24 அன்று சின்ஜியாங்கின் தலைநகர் உரும்சியில் ஓர் அடுக்குமாடி எரிந்தது. அரசுக் கணக்கில் பத்துப் பேர் சாவு. கோவிட் முடக்கத்தால்தான் வெளியேற முடியவில்லை என்று மக்கள் கொதித்தார்கள். ஷாங்காய், பெய்ஜிங் என்று பல நகரங்களில் வெள்ளைத்தாளை ஏந்திக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். அந்தக் காட்சிகளை உலகுக்குக் காட்டியது எந்தச் செய்தி நிறுவனமும் அல்ல. இத்தாலியில் இருந்த லி யிங் என்ற ஓவியர். "லி ஆசிரியர் உன் ஆசிரியர் அல்ல" என்ற பெயரில் ட்விட்டர் கணக்கு. உள்ளே இருப்பவர்கள் சுவர் தாண்டி அவருக்குத் தனிச்செய்தியில் படம் அனுப்புவார்கள், அவர் இடம் நேரம் போட்டு வெளியிடுவார். தூங்காமல் செய்தார்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது உள்ளே ஆள் உண்டா என்பதற்கு, இவரைப்போல் வேறு யாரும் பதில் சொல்ல முடியாது. உள்ளே இருப்பவர்கள்தான் இவருடைய நிருபர்கள். மற்ற நான்கு கேள்விகளில் தடுமாறுவார். ஒரு ஆள், ஒரு கணக்கு. உடம்பு சரியில்லை என்றால் நிலையம் மூடிவிடும். வந்த படம் பழையதா, வேறு ஊரா என்று பார்க்க ஆசிரியர் குழு இல்லை; அவர் பார்க்கிறார், தப்பும் நடக்கும்.

பெரிய செலவு வாசகர் தலையில் விழுகிறது. 2024 பிப்ரவரியில் லி யிங் தன்னைப் பின்தொடர்பவர்களுக்கே எச்சரிக்கை விட்டார்: போலீஸ் பட்டியல் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் "தேநீர் குடிக்க" அழைக்கிறது, பயமிருந்தால் என்னை விட்டு விலகிக்கொள்ளுங்கள். தேநீர் என்றால் சீனத்தில் விசாரணை. 16 லட்சமாக இருந்த எண்ணிக்கை உடனே 14 லட்சமாக இறங்கியது. தன் வாசகரைப் போகச் சொன்ன ஊடகம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

அரசுத் தொலைக்காட்சியில் புலனாய்வு செய்துவிட்டு வெளியேறி, ஜப்பானிலிருந்து யூடியூபில் பேசும் வாங் ஜி'ஆன் போன்றவர்களும் இந்த வகைதான். ஆனால் அவர்கள் செய்தியைவிட விளக்கம் அதிகம் தருகிறார்கள். தினமும் ஒரு மணி நேரம் பேசவேண்டும், பார்வை எண்ணிக்கை வேண்டும் என்றால் எவ்வளவு நல்லவருக்கும் குரல் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.

## 5. சுவருக்கு உள்ளேயே இருக்கும் சாய்ஷின்

"அரசு அனுமதியோடு நடப்பது எப்படிச் சுதந்திரச் செய்தி ஆகும்?" என்று கேட்பீர்கள். ஆகாது. ஆனாலும் இதை விட்டால் சீனாவைப் பாதிதான் பார்ப்பீர்கள்.

ஹு ஷூலி என்ற பெண் பத்திரிகையாளர் 2009-இல் சாய்ஷினைத் தொடங்கினார். பொருளாதாரப் பத்திரிகை என்ற சட்டைக்குள் புலனாய்வு. 2020 ஜனவரி இறுதியில், வுஹான் மருத்துவமனைப் படுக்கையில் இருந்த டாக்டர் லி வென்லியாங், ஓர் ஆரோக்கியமான சமூகத்தில் ஒரே ஒரு குரல் மட்டும் இருக்கக்கூடாது என்று சொன்னது சாய்ஷினிடம்தான். ஒரு வாரத்தில் இறந்துபோனார். வுஹானில் அஸ்திக் கலசங்கள் லாரியில் வந்து இறங்கியதைப் படத்தோடு போட்டதும் அவர்களே. அதற்குச் சில வாரங்கள் கழித்து, ஏப்ரல் 17 அன்று, வுஹான் நிர்வாகம் சாவுக் கணக்கில் 1,290-ஐக் கூட்டி 3,869 என்று திருத்தியது.

வெளியே இருந்து யார் போன் போட்டாலும் கிடைக்காதது இது: ஊருக்குள் நடந்து போகிற நிருபர். வங்கி முடக்கம், ரியல் எஸ்டேட் சரிவு, மாகாண அரசுகளின் கடன் எல்லாம் எண்களோடு வரும். விலையும் அதற்கேற்றது. 2017 நவம்பரிலிருந்து சந்தா இல்லாமல் முழுக்கட்டுரை இல்லை. 2021 அக்டோபரில், பிற தளங்கள் எடுத்து மறுபதிப்பு செய்ய அனுமதிக்கப்பட்ட 1,358 ஊடகங்களின் பட்டியலை அரசு வெளியிட்டபோது, அதில் சாய்ஷின் பெயர் இல்லை. மூடவில்லை, அதன் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்காமல் செய்துவிட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவு மௌனம். ஷி, சின்ஜியாங், ராணுவம் என்றால் கதவு அடைத்துவிடும். 2020 ஜூன் 15 கல்வான் மோதலை எடுத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி உட்பட இருபது பேர் இறந்ததை இந்தியா உடனே சொன்னது. சீனா நான்கு பேர் என்று சொன்னது எட்டு மாதம் கழித்து, 2021 பிப்ரவரி 19 அன்று. அந்த எண்ணிக்கையைச் சந்தேகித்து எழுதிய முன்னாள் நிருபர் சியு ஸிமிங்குக்கு எட்டு மாதச் சிறை. உள்ளே இருக்கும் எந்தக் கடையிலும் அந்தச் சரக்கு கிடையாது.

இன்னொரு தொல்லை, நேற்று படித்த கட்டுரை இன்று காணாமல் போகும். அதற்குச் சைனா டிஜிட்டல் டைம்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சியாவ் சியாங் 2003-இல் பெர்க்லியில் தொடங்கியது. அழிக்கப்பட்ட கட்டுரைகளைச் சேர்த்துவைப்பதும், தணிக்கைத் துறை ஊடகங்களுக்கு அனுப்பும் "இதைப் போடாதே, அதை முகப்பிலிருந்து எடு" உத்தரவுகளைக் கசியவிடுவதும் அதன் வேலை. அந்த உத்தரவுகளைப் பத்து நாள் வரிசையாகப் படித்தால், அரசு எதற்குப் பயப்படுகிறது என்பது எந்தத் தலையங்கத்தையும்விடத் தெளிவாகத் தெரியும்.

## 6. சிங்கப்பூர் நாளேடு

லியன்ஹ சாவ்பாவ், தமிழ் முரசு வெளிவரும் அதே எஸ்.பி.எச். மீடியாவின் சீன நாளேடு. இரண்டு பழைய நாளேடுகள் 1983-இல் இணைந்து பிறந்தது. எளிய எழுத்து, சுத்தமான நடை, வர்த்தகச் செய்தி நிறைய. வெளிநாட்டுச் சீன நாளேடுகளில் சீனாவுக்குள்ளும் வாசகர்கள் கொண்டது என்பது அதன் பெருமை. அதுவே அதன் கடிவாளமும்கூட. உள்ளே வாசகர் வேண்டுமென்றால் சில சொற்களை மென்று விழுங்கத்தான் வேண்டும். வியாபாரிக்கும், படித்துப் பழகும் மாணவருக்கும் போதும். கைதான வழக்கறிஞரின் மனைவி என்ன சொன்னார் என்பதற்குப் போதாது.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் | பலம் | மறைந்திருக்கும் செலவு | எப்போது இதுவே மேல் |
|---|---|---|---|---|
| வெளிநாட்டு அரசு நிலையங்கள் | அந்நாட்டு வரிப்பணம், கட்டணம் | போன் போடும் நிருபர்கள், பழைய பதிவுகள் | ஒரு கையெழுத்தில் நின்றுவிடும் | சின்ஜியாங், திபெத், உரிமை வழக்குகள். கேட்டுப் பழக |
| சந்தா ஊடகங்கள் | வாசகர் | ஆழம், திருத்தம் | தாமதம், கடின மொழி, புலம்பெயர்ந்தோர் சாய்வு | நடந்து முடிந்ததைப் புரிந்துகொள்ள |
| பகை ஊடகங்கள் | இயக்கம், ஆதரவாளர் | அடக்குமுறையின் நேரடிச் சாட்சிகள் | வதந்தி, பணமோசடி | அவர்கள் மீதான அடக்குமுறை பற்றி மட்டும் |
| ஒற்றை மனிதர்கள் | நன்கொடை, விளம்பரம் | வேகம், உள்ளிருந்து வரும் படம் | சரிபார்ப்பு குறைவு, பின்தொடர்பவருக்கு ஆபத்து | தெருவில் ஏதாவது நடக்கும் அந்த மணி நேரத்தில் |
| சாய்ஷின் | சந்தா, விளம்பரம் | களத்தில் நிருபர், எண்கள் | தொடமுடியாத தலைப்புகள், மறையும் கட்டுரை | பொருளாதாரம், பேரிடர் |
| சாவ்பாவ் | விளம்பரம், சந்தா, அரசு நிதி | எளிய நடை, வர்த்தகம் | மென்று விழுங்கும் சொற்கள் | அன்றாட வாசிப்பு, வியாபாரம் |

சீன அரசின் சொந்த ஒலிபரப்பைப் பட்டியலில் சேர்க்கவில்லை. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963-லிருந்து நடக்கிறது. நம் ஊர் நேயர் மன்றங்களுக்கு அதன் மேல் பாசம் உண்டு, எனக்கும் உண்டு. பெய்ஜிங் என்ன சொல்ல விரும்புகிறது என்று தெரிந்துகொள்ள அதைக் கேட்கலாம். தன் பெயரிலேயே பேசுகிறது என்பதால் அதில் ஏமாற்று இல்லை. ஏமாற்று வேறிடத்தில். சீன வானொலி நிகழ்ச்சிகளைத் தாங்கி, உரிமையாளர் யார் என்று சொல்லாமல், 14 நாடுகளில் 33 வானொலி நிலையங்கள் ஓடுவதை ராய்ட்டர்ஸ் 2015-இல் கண்டுபிடித்தது. அதனால்தான் முதலாளி யார் என்ற கேள்வியை முதலில் வைத்தேன்.

## கேட்ட மூவருக்கும்

மாணவிக்கு: காலையில் ஆர்.எஃப்.ஐ. கால் மணி நேரம், வாரத்துக்கு ஒரு புமிங்பாய். எச்.எஸ்.கே. ஆறு முடித்த பிறகு இனிஷியம் சந்தா கட்டுங்கள். இப்போதே கட்டினால் பத்தாவது வரியில் அகராதியோடு உட்கார்ந்து சலித்துப்போவீர்கள்.

திருப்பூர்க்காரருக்கு: ஒரே பெயர் கேட்டீர்கள். சாய்ஷின், அதன் ஆங்கிலப் பதிப்பே போதும். தொழிற்சாலை மூடல், கப்பல் கூலி, யுவான் மதிப்பு எல்லாம் அதில் வரும். கூட சாவ்பாவை இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வீசாட்டில் ஈவூ வியாபாரிகள் பகிரும் உள்ளூர்த் தகவல்தான் உங்களுக்கு நிஜமாகவே பயன்படும், ஆனால் 2020 ஜூனில் இந்தியா தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. ஈவூவில் இருக்கும்போதே பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். எந்த இரண்டை எடுத்தாலும் இரண்டுக்கும் ஒரே முதலாளியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் நண்பருக்கு: மாமியார் சொல்லும் சீனாவும் சித்தப்பா பார்க்கும் சீனாவும் ஒரே நாடுதான். மாமியார் சந்தையில் கத்திரிக்காய் விலை சொன்னால் நம்புங்கள், அதை எந்த நிலையமும் அவ்வளவு சரியாகச் சொல்லாது. சித்தப்பா ஆட்சி கவிழ்ந்ததாகச் சொன்னால் மூன்று நாள் பொறுங்கள். லி ஆசிரியரின் கணக்கைத் தாராளமாகப் பாருங்கள். அதிலிருந்து ஒரு படத்தைக்கூட எடுத்து வீசாட்டில் மாமியாருக்கு அனுப்பிவிடாதீர்கள். அனுப்பியது நீங்கள் என்றாலும், தேநீர் குடிக்கக் கூப்பிடுவது ஃபூஜியானில் இருக்கிறவரைத்தான்.